வரைந்தவர் பெயர் என்ன?



நம் இயக்கத்தில் கவிதை எழுதுகிறவனுக்குப் பெயர் இருக்கிறது. மேடையில் பேசுகிறவனுக்குப் பெயர் இருக்கிறது. பறை அடிக்கிறவனுக்கும் இப்போதுதான் மெல்ல மெல்லப் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. சேரி முகப்பில் சுவர் நிறைய அம்பேத்கரை வரைந்துவிட்டுப் போனானே, அவனுக்கு மட்டும் பெயர் கிடையாது. கேட்டால், ‘மன்னார்குடிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் வந்து வரைஞ்சான்’ என்பார்கள். அவ்வளவுதான்.

அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் தலித் எழுத்து வேகம் பிடித்தது. 1992இல் பாமாவின் ‘கருக்கு’, 1993இல் ராஜ் கௌதமனின் ‘தலித் பண்பாடு’, அதே காலத்தில் ‘நிறப்பிரிகை’. எழுதியது யார், யாருக்காக, யாருடைய மொழியில் என்று அப்போது கேட்கத் தொடங்கினோம். பத்திரிகைக்குப் பெயர் என்னவோ நிறப்பிரிகை. நடந்த சண்டை முழுக்கச் சொல்லைப் பற்றித்தான். நிறத்தைப் பற்றியும் கோட்டைப் பற்றியும் அதே சண்டையை நாம் இன்னும் போடவில்லை. ஒரு கவிதையை நாலு பேர் உட்கார்ந்து விடிய விடியப் பிரித்துப் பேசுகிற நம் தோழர்கள், ஒரு ஓவியத்தை நீட்டினால் ‘நல்லாருக்கு தோழர்’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் நாம் வாழ்வது தஞ்சாவூர் மண்ணில்.

தஞ்சாவூர் என்றால் வெளியுலகத்துக்குப் படம்தான். பலகையில் சுண்ணப்பொடியும் பசையும் மேடாக்கி, தங்க ரேக்கு ஒட்டி, கல் பதித்த வெண்ணெய்க் கிருஷ்ணன். அடுத்தது சுவாமிமலை ஐம்பொன் சிலை. மெழுகில் வடித்த உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசித்தான் அதற்கு வார்ப்பு எடுக்கிறார்கள். அதே வண்டலில்தான் நம் பெண்கள் முழங்கால் புதைய நின்று நாற்று நடுகிறார்கள். மண் ஒன்றுதான். ஒரு பக்கம் அது தெய்வத்துக்கு அச்சு. இந்தப் பக்கம் சேற்றுப்புண்.

பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்தார். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே கோயிலின் ராஜராஜன் கல்வெட்டுகளில், ஊர்களின் இறையிலி நிலங்களைக் கணக்கெடுக்கும் இடத்தில், ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ என்ற சொற்கள் இருக்கின்றன. சுவரில் ஆடுகிற பெண் இருக்கிறாள், ராஜா இருக்கிறான், யானை இருக்கிறது. சேரி எழுத்தாக மட்டும் இருக்கிறது, கணக்கில் கழிக்கப்பட்ட நிலமாக. பூச்சுக்கு அடியில் பூச்சு என்று பெயர்த்துப் பார்க்கிறவர்கள் தேட வேண்டியது இன்னும் ஓர் அடுக்கு கீழே இருக்கிறது.

நான் டெல்டாவில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். ஜனவரி பிறந்தால் கவுன்டரில் காலண்டர் கேட்டு நிற்பார்கள். ‘சார், சாமி படம் போட்டது இருக்கா? தேதி பெருசா இருக்கணும்.’ எங்கள் பகுதிக் காலண்டர்களில் சாமிக்கு அடுத்தபடி அதிகம் வருகிற படம் நடவுதான். பச்சை வயல், சுத்தமான சேலை, வரிசையாகக் குனிந்த முதுகுகள். கவனித்துப் பாருங்கள், நடவுப் படத்தில் முகம் இருக்காது, வரிசைதான் இருக்கும். முகம் தெரிந்தால் சிரித்துக்கொண்டிருக்கும். இடுப்பு ஒடிய ஆறு மணி நேரம் குனிந்தவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று வரைந்தவனும் கேட்கவில்லை, மாட்டியவனும் கேட்கவில்லை.

அந்தப் பெண்களின் முகம் எனக்கு வேறு இடத்தில் கிடைக்கிறது: பாஸ்புக்கில். பாஸ்போர்ட் அளவு, நீலப் பின்னணி, ஸ்டூடியோக்காரன் ‘நிமிர்ந்து பாரும்மா’ என்று அதட்டியதில் வெறித்த கண். பலருக்கு வாழ்நாளில் எடுத்த படம் என்று இருப்பது ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, பாஸ்புக், இவ்வளவுதான். பிறகு நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரியிலிருந்து செல்போன் செயலியில் நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்றுவதைக் கட்டாயமாக்கினார்கள். படம் ஏறவில்லை என்றால் கூலி ஏறாது. நம் சனங்களை இவ்வளவு படம் பிடித்தவர்கள் சரித்திரத்திலேயே இல்லை. அதில் ஒரு படத்தைக்கூட ஒருவரும் பார்க்க நினைத்து எடுக்கவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில், காலண்டருக்கும் வருகைப்பதிவுக்கும் நடுவில், சிலர் வரைகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசத்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் நம் ஊர்க்காரரிலிருந்து தொடங்குகிறேன். கும்பகோணம் – சுவாமிமலைச் சாலையில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. உப்பிலியப்பன் கோயில் பகுதியில் பிறந்த வீர சந்தானம் படித்த இடம் அது. தோல்பாவையின் நிறத்தையும் கோட்டையும் தன் ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர். தஞ்சை விளாரில் 2013 நவம்பரில் திறக்கப்பட்ட முள்ளிவாய்க்கால் முற்றத்தின் கற்சிற்பங்களில் அவருடைய உழைப்பு இருக்கிறது. 2017இல் இறந்தார். ஈழத்தில் செத்தவர்களுக்காக இந்த மண்ணில் கல் பேசியிருக்கிறது, பேச வேண்டியதுதான். வெண்மணி என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? 1968 டிசம்பர் 25, ஒரு நாவல், பல கவிதைகள், 44 பெயர்கள் வெட்டிய கல். ஒரு ஓவியம் வருகிறதா? வாசகத் தோழர்கள் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொல்லட்டும்.

அதே கல்லூரியில் படித்தவர்தான் இளையராஜா. கும்பகோணம் பக்கம் செம்பியவரம்பல். 1979இல் பிறந்தவர். பிறகு சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. நாற்பதைத் தாண்டிச் சில வருஷம்கூட ஆகவில்லை. அவர் செத்த அன்றைக்கு ஊரெல்லாம் அவர் ஓவியத்தைப் பகிர்ந்தது. அதற்கு முன்னால் வாரப் பத்திரிகையில் பார்த்து, போட்டோ என்று நினைத்துப் பக்கத்தைத் தள்ளியவர்கள்தான் அதிகம்.

‘போட்டோ மாதிரியே இருக்கு’ என்பதோடு இளையராஜாவை முடித்துவிடுகிறார்கள். நவீன ஓவியம் தெரிந்த கூட்டம் அதையே வசையாகச் சொல்கிறது, மற்றவர்கள் பாராட்டாகச் சொல்கிறார்கள். இரண்டு பேருமே அந்தப் பெண்களின் தோலைப் பார்க்கவில்லை. சினிமாவும் நகைக்கடை விளம்பரமும் சிவப்புத்தோலைத் தவிர வேறொன்றும் பெண்ணுக்கு இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த மனிதர் கறுத்த பெண்களை ஓவியம் நிறைய உட்கார வைத்தார். கறுப்பை அவர் கறுப்பு மையால் வரையவில்லை. நிலைப்படி வழியாக வருகிற வெயில் கன்னத்தில் பட்டு, செம்பாகி, மூக்கோரம் தேனாகி, கழுத்தில் நிழலாகி இறங்குகிறது. கறுத்த தோல் எத்தனை நிறம் கொண்டது என்று எங்கள் பக்கத்துப் பெண்ணுக்கே கண்ணாடி காட்டிய வேலை அது. அழகு என்ற சொல்லை யார் கையிலிருந்து பிடுங்க வேண்டும் என்று நாம் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். அவர் தூரிகையால் பிடுங்கிவிட்டார்.

ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பெண்கள் பெரும்பாலும் காத்திருக்கிறார்கள். தூணோரம், திண்ணையில், சன்னலுக்குப் பக்கத்தில், பித்தளைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, நாற்பது வருஷம் நடவு நட்டவர். செல்போனில் இந்த ஓவியங்களைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். ‘நல்லாத்தான் இருக்கு தம்பி. நம்ம நெறந்தான். ஆனா இவ இன்னைக்கி வேலைக்குப் போகல போலருக்கே’ என்றார். இளையராஜாவைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும்விட இது கூர்மை. அந்தத் தூணும் பித்தளையும் யார் வீட்டுத் தூண், யார் வீட்டுப் பித்தளை என்ற கேள்வியையும் அவர் அதிலேயே கேட்டுவிட்டார். அவர் குடிசையில் சாய தூண் கிடையாது. இன்னும் 20 வருஷம் இருந்திருந்தால் இளையராஜா வயலுக்குள் இறங்கியிருப்பாரோ என்னவோ. இழப்பு இழப்புதான்.

அதே பெரியம்மாவிடம் அடுத்து ம.பழனிக்குமாரின் படங்களைக் காட்டினேன். இவர் மதுரை ஜவகர்லால்புரத்துக்காரர். அம்மா கரிமேட்டுச் சந்தையில் மீன் வாங்கி விற்றவர். 2013இல் முதல் கேமராவை வாங்கியதும் பழனி படம் பிடிக்கப் போனது மலைக்கும் அருவிக்கும் அல்ல, அம்மாவின் பின்னால். விடியும் முன் சந்தைக்குப் போகிற அம்மா, தெருவோரம் மீனோடு உட்காரும் அம்மா. பெரியம்மா படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். ‘இந்தப் பொம்பள போட்டோவுக்கு உக்காரலடா. யாவாரத்துக்கு உக்காந்திருக்கா.’

இதுதான் விஷயம் தோழர்களே. படம் எடுக்கிறவன் வந்திருக்கிறான் என்பதற்காக வேலை நிற்கவில்லை. எடுத்தவன் விருந்தாளி இல்லை, வீட்டுப் பிள்ளை. நம்மைப் படம் பிடித்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு, வெள்ளைக்காரனிலிருந்து தொண்டு நிறுவனம் வரை. அவர்கள் கேமரா மேலேயிருந்து குனிந்து பார்க்கும், பரிதாபம் சொட்டும். நம் குழந்தையின் சளி ஒழுகும் மூக்கு இல்லாமல் அவர்களுக்குப் படம் முடியாது. பழனியின் கேமரா தரையில் உட்கார்ந்திருக்கிறது, அம்மாவின் கண் உயரத்தில்.

2017இல் திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் பழனிதான். மலத்தை மனிதன் கையால் அள்ளுவதைத் தடை செய்து 1993இல் ஒரு சட்டம், மலக்குழிக்குள் மனிதனை இறக்குவதையும் சேர்த்துத் தடை செய்து 2013இல் இன்னொரு சட்டம். குழிக்குள் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் 30 லட்சம் என்றது. தொகை ஏறியிருக்கிறது, இறக்குவது நிற்கவில்லை. கோர்ட்டில் இதெல்லாம் எண். பழனியின் படங்களில் செத்தவனுக்கு மனைவி இருக்கிறாள், அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பை இருக்கிறது. அவர் அதோடும் நிற்கவில்லை. துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் கையிலேயே கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார். ராமநாதபுரம் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைத் தேடிப்போய் ‘பாரி’ என்னும் கிராமப்புற இந்தியாவின் மக்கள் காப்பகத்துக்காகப் படம் பிடித்தார். 2022இல் தயாநிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர் அவர்தான்.

வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொதுமுடக்கத்தில் ஊருக்குத் திரும்பியவர், தன் குடும்பத்தையே படமெடுத்தார். தலித் வீடு என்றால் அழுகை, ரத்தம், போஸ்ட்மார்ட்டம் வாசல் என்று எதிர்பார்த்து வருகிறவர்களை ஏமாற்றும் படங்கள். கிணற்றில் குளிக்கிறார்கள், தூங்குகிறார்கள், பிள்ளை சும்மா நிற்கிறது. அந்தக் குடும்பத்தின் பாட்டி ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கியவர். அடிபட்டதை மட்டும் காட்டினால் அடித்தவன்தான் படத்தின் நாயகன் ஆகிவிடுகிறான். நம் வீட்டுச் சாதாரணப் பகல் ஒன்றும் படத்துக்குள் வர உரிமை உள்ளதுதான்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நாக்பூரில் பிறந்த சவி சாவர்கர். பேஷ்வா காலத்து மனிதன்: கழுத்தில் எச்சில் துப்பக் கலயம், பின்னால் தன் கால்தடத்தைத் தானே அழிக்க விளக்குமாறு. அவர் இழுக்கும் கோடு சிராய்ப்பு மாதிரி இருக்கும். பார்க்கப் பார்க்கக் கை எரியும். அழகாக இல்லையே என்று யாராவது சொன்னால், அழகாக இருக்கக் கூடாது என்றுதான் அப்படி வரைந்திருக்கிறது. ஜெய்சிங்கும் வேண்டும், சவியும் வேண்டும். இதில் எது தலித் அழகியல் என்று பட்டிமன்றம் வைக்க எனக்கு விருப்பமில்லை.

இவர்களை இன்ன சாதி என்று தோண்டிப் பார்த்து மார்க் போடுவதும் நம் வேலை இல்லை. தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வது என்பது அவரவர் உரிமை. அதேபோல, நம் ஆள் வரைந்தது என்பதற்காகவே கைதட்டவும் வேண்டாம். உயர்த்திய முஷ்டி, அறுந்த சங்கிலி, உதிக்கும் சூரியன்: இதையே நாம் எத்தனை அட்டையில் போட்டாயிற்று? சங்கிலியைச் சும்மா பார்த்தவன் வரைவதற்கும் சேற்றுப்புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவியவன் வரைவதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா? கோடு எங்கே தயங்குகிறது, எங்கே பாய்கிறது, படம் எடுத்தவன் எந்த உயரத்தில் நின்றான், படத்தில் இருப்பவர் நம்மைப் பார்க்கிறாரா, நாம் அவரைப் பார்க்கிறோமா, எதை விட்டுவிட்டான். இப்படிக் கேட்டுப் பழகினால் போதும். பெரியம்மா எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை.

சரி, இதையெல்லாம் எங்கே போய்ப் பார்ப்பது? 2018 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘வானம்’ கலைத் திருவிழாவைத் தொடங்கியபோது ஒரு கதவு திறந்தது. 2022லிருந்து ஏப்ரலில் தலித் வரலாற்று மாதத்தையும் ஒட்டிக் கண்காட்சிகள் வந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் சென்னை. மயிலாடுதுறையிலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ ஒரு மாணவன் போய்வர ராத்திரி பஸ், ஒருநாள் கூலி, தங்க இடம். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் மாணவத் தோழர்களில் எத்தனை பேர் அதன் வாசலை மிதித்திருக்கிறார்கள்? அங்கே படிக்கிற பிள்ளைகளில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. போய்க் கேளுங்கள், ‘என்ன வரையிறீங்க, காட்டுங்க’ என்று. காட்டுவார்கள். அவர்களைக் கேட்க ஆள் இல்லை என்பதுதான் குறை.

டெல்டாவின் மிகப் பெரிய கண்காட்சி ஒன்று திறந்தவெளியில் நடந்துகொண்டே இருக்கிறது. சிமென்ட் அம்பேத்கர் சிலைகளைச் சொல்கிறேன். நீலக் கோட்டு, கையில் சட்டப் புத்தகம், நீட்டிய விரல். ஓவியம் தெரிந்தவர்கள் இதைக் கலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூக்கு கோணல், கால் குட்டை, கண்ணாடி பெரிசு. இருக்கட்டும். இந்த நாட்டில் எந்தச் சிற்பத்தைக் கண்டு ஆதிக்கச் சாதிக்காரனுக்குத் தூக்கம் போகிறது? 2019 ஆகஸ்ட் 25ஆம் தேதி வேதாரண்யத்தில் பகலில், ஊர் பார்க்க, அம்பேத்கர் சிலையை உடைத்தார்கள். மறுநாளே அரசு புதுச் சிலையைக் கொண்டுவந்து வைத்தது. தமிழ்நாடு முழுக்க அவர் சிலைகளுக்குக் கம்பிக்கூண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். கூண்டுக்குள் நின்றபடி விரல் நீட்டும் இந்தச் சிற்பத்தைச் செய்தது யார்? எந்த ஊர்ப் பட்டறை? குட்டைக் காலை அவன் தெரியாமல் செய்தானா, கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்காகத் தலையைப் பெரிதாக்கினானா? நம் ஆய்வு மாணவர்கள் சங்க இலக்கியத்தில் உவமையைத் தேடுகிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

சுவர் ஓவியர்கள் கதை இன்னும் மோசம். 2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. ஒரு ராத்திரியில் அடித்து, கட்டி, காற்றில் கிழிந்து, வாய்க்காலை அடைக்கிற பிளாஸ்டிக். எழுத்தும் உருவமும் கையால் எழுதிக்கொண்டிருந்த எத்தனையோ பேர் பெயிண்டராக வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனார்கள். போகாமல் நின்றவர்கள்தான் இன்றைக்கு நம் கொடிமேடைகளுக்கும் நினைவுநாள் சுவர்களுக்கும் வரைகிறார்கள். அவர்களுக்கு இயக்கம் என்ன கொடுக்கிறது? ‘நம்ம வேலைதானே தோழர், பெயிண்ட் காசு மட்டும் வாங்கிக்கங்க.’ மைக்செட்காரருக்குக் காசு கொடுக்கிறோம், பந்தல்காரருக்குக் கொடுக்கிறோம், பிரியாணிக்குக் கொடுக்கிறோம். வரைகிறவனுக்கு மட்டும் உணர்வு போதுமா? கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்கு இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவில் பழைய பெயர் ஒன்று உண்டு. பண்ணையாள்களாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இதழின் அட்டையை வரைந்தவர் ஒரு சுவர் ஓவியர். 20 வருஷமாகத் திருவாரூர், நாகைப் பக்கத்துச் சுவர்களில் வரைகிறார். தாளில் வரைந்தது இதுதான் முதல் தடவை. ‘சின்னதா வரைய கை வரல, பெரிய தாளா குடுங்க’ என்றார். கொடுத்தோம். கேட்ட கூலியையும் கொடுத்தோம். பெயர் அட்டையிலேயே, இதழின் பெயருக்குக் கீழே, கவிஞர்கள் பெயர் போடுகிற அதே எழுத்தளவில் இருக்கிறது. அவர் வரைந்திருக்கும் நடவுப் பெண்ணுக்கு முகம் இருக்கிறது. சிரிக்கவில்லை. எதிரே யாரையோ பார்த்து ஏதோ கேட்கப்போகிற முகம். நாற்றுமுடியைப் பிடித்திருக்கும் கை உடம்புக்குக் கொஞ்சம் பெரிசு. அதைத் திருத்தச் சொல்லலாமா என்று ஆசிரியர் குழுவில் ஒரு தோழர் கேட்டார். வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அடுத்த இதழிலிருந்து நம் பகுதிச் சுவர் ஓவியங்களையும் சிலைகளையும் இரண்டு பக்கங்களில் தொடர்ந்து வெளியிடுகிறோம். படம் அனுப்பும் தோழர்கள் ஊர், தெரு, வரைந்த வருஷம் ஆகியவற்றோடு வரைந்தவர் பெயரையும் கேட்டு எழுதவும். அவருடைய சம்மதத்தையும் கேட்டுவிடவும். ‘ஒருத்தர் வந்து வரைந்தார்’ என்று வரும் படங்களைத் திருப்பி அனுப்புவோம். அவருக்கு எவ்வளவு கூலி கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.